மருமகளுக்கு ஊறப்போட்ட மது

ஷிகெங் கிராமத்தில் ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு வரப்போகிறதா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. குளிர்காலத்தில் அந்த வீட்டு அடுப்பில் எத்தனை ஈடு அரிசி வேகிறது என்று பார்த்தால் போதும். வீட்டுச் செலவுக்கும் முன்னோர் படையலுக்கும் ஒரு ஜாடி மது. அதற்கு மேல் ஒரு ஜாடி போட்டால் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று பொருள்.

ருவான் யூசாய் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினாள். மகன் வெய்ஹாங்கின் கல்யாணத்துக்காகக் கதவில் ஒட்டிய சிவப்புத் தாளின் பசை காய்வதற்குள் இரண்டு பெரிய ஜாடி நிறைய மது ஊறப்போட்டுவிட்டாள். மருமகள் ஜிங்யா தன் பெட்டியிலிருந்து துணிகளைக்கூட இன்னும் எடுத்து அடுக்கவில்லை.

"எதுக்கு அத்தை இவ்வளவு?" என்று கேட்டாள் ஜிங்யா.

"எல்லாம் உனக்குத்தான்டி. பிள்ளை பெத்தா அந்த மாசம் பூரா இதுலதான் கோழி வேகணும். தண்ணி ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது."

"எனக்கு இன்னும் ஒண்ணும் இல்லையே அத்தை."

"அதனால என்ன? மது பழசாகப் பழசாகத்தான் ருசி. மனுஷி அப்படி இல்ல, ஞாபகம் வெச்சுக்க."

மணமகளுக்கு மாமியார் கொடுத்த ஆசீர்வாதம் அவ்வளவுதான்.

பிங்நான் மலைப்பக்கம் முழுக்கத் தேடினாலும் தன்னைப் போல மது போட ஆள் கிடையாது என்பது யூசாயின் கருத்து. ஊர் அதை மறுத்ததில்லை. அவளோடு வாதம் செய்து முடிப்பதற்குள் ஊறப்போட்டது வடிக்கும் பருவத்துக்கு வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: கைப்பக்குவம் அவளுக்கு இருந்தது. ஒட்டரிசியை ஊறவைத்து ஆவியில் வேகவைப்பாள். மூங்கில் தட்டில் பரப்பி, ஒரு பிடி சோற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சூட்டைக் கணிப்பாள். சுனைத் தண்ணீரும், நொதியேற்றிக் காயவைத்த சிவப்பரிசியும் கலந்து ஜாடியில் இறக்கி, வைக்கோலும் பழைய பஞ்சுப் போர்வையும் சுற்றிப் பின்கட்டு அறையில் வைப்பாள். மறுநாளே ஜாடி முணுமுணுக்கத் தொடங்கிவிடும். அந்த முணுமுணுப்புக்கு அவள் காது கொடுத்து உட்கார்ந்திருப்பாள். புருஷன் சாங்பிங் பேசும்போது அப்படிக் காது கொடுத்ததற்குச் சாட்சி யாருமில்லை.

ஜாடிக்குப் பக்கத்தில் சண்டை போடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, பேசினால் மது புளித்துப்போகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"அப்போ நீ எப்படிக்கா அந்த ரூமுக்குள்ள போறே?" என்று பக்கத்து வீட்டு மெய்லியான் ஒருநாள் கேட்டாள். யூசாய் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. மெய்லியான் வீட்டு மது அந்த வருஷம் மிக நன்றாக வந்தது.

வெய்ஹாங் மாவட்டத் தலைநகரில் ஏ.சி. மாட்டும் வேலை பார்த்தான். ஜிங்யாவுக்கு அங்கேயே ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. விடுமுறை நாளில் இருவரும் ஊருக்கு வருவார்கள். மற்ற வீடுகளில் "சாப்பிட்டியா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். யூசாயும் அதையேதான் கேட்பாள், வயிற்றைப் பார்த்து.

முதல் வருஷத்து மது ஜிங்யாவுக்குப் பயன்படவில்லை. மெய்லியானின் மகளுக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிட்டது. அவர்கள் அப்போதுதான் அரிசியை ஊறவைத்திருந்தார்கள். மெய்லியான் மானத்தை விட்டு வந்து நின்றாள். யூசாய் ஒரு ஜாடியை முழுசாகத் தூக்கிக் கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டிருந்தால் புண்ணியம். "எடுத்துக்க, எடுத்துக்க. நம்ம வீட்டுல கேக்க ஆளில்லாமதானே கிடக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக் கொடுத்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜிங்யாவுக்கும் அது கேட்டது. கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே சொன்னது.

இன்னொரு ஜாடியைச் சாங்பிங்கின் கால் குடித்தது. பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. எலும்பு வைத்தியர் வந்து மூலிகையை மதுவில் காய்ச்சி இளஞ்சூட்டில் தேய்க்கச் சொன்னார். உள்ளுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்றார். வெளியே தேய்த்தது கொஞ்சம், உள்ளே போனது மிச்சம். நடக்கவே முடியாமல் முனகிக்கொண்டு கிடந்தவனுக்கு, ஜாடி காலியான அன்று கால் சரியாகிவிட்டது. நாட்டு வைத்தியத்தின் மகிமை அப்படி.

அடுத்த குளிர்காலத்தில் யூசாய் மறுபடியும் கூடுதல் ஜாடி போட்டாள். அதற்கு அடுத்த வருஷமும் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு வாய் கிடைத்துக்கொண்டேயிருந்தது. கல்லறை கூட்டும் நாளில் முன்னோருக்கு ஊற்றினார்கள். யாருக்காகப் போட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. மீனின் கவிச்சி போக, பன்றிக் கறி மிருதுவாக, சளிக்கு, மூட்டுவலிக்கு, விருந்தாளிக்கு. வடித்த பின் மிஞ்சிய சிவப்புச் சக்கையில் மீனைப் புரட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பிள்ளைப்பேற்றுக்கு என்று வைத்த மது ஊரில் எல்லாக் காரியத்துக்கும் பயன்பட்டது, பிள்ளைப்பேறு ஒன்றைத் தவிர.

அதற்குள் ஊர் எல்லைச் சுவரில் எழுத்து மாறிவிட்டது. ஒரு பிள்ளையோடு நிறுத்து என்று யூசாயின் இளமை முழுக்க மிரட்டிய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டாவது பிள்ளை குடும்பத்துக்கு மகிழ்ச்சி என்று சிவப்பில் எழுதினார்கள். மழை பெய்தால் பழைய எழுத்து அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். பெறாதே என்றும் பெறு என்றும் ஒரே சுவர் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டு நிற்கும். ஊரார் அதற்குப் பக்கத்தில் காளான் காயவைத்தார்கள்.

அந்த வருஷம் யூசாய் ஒரு புது வழி கண்டுபிடித்தாள். பிள்ளை பெற்ற பிறகு கொடுப்பதை முன்கூட்டியே கொடுத்தால் என்ன? பழைய மதுவில் ஒரு சின்ன ஜாடியை மகன் வண்டியில் ஏற்றிவிட்டாள். "தினம் படுக்கறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் சூடு பண்ணிக் குடி. வயித்துல சூடு ஏறணும். குளுந்த மண்ணுல எந்த விதைடி முளைக்கும்?"

ஜிங்யா சரி என்று தலையாட்டினாள். இவ்வளவு சுலபமாகத் தலையாட்டும் மருமகளைச் சந்தேகப்பட வேண்டும் என்று யூசாய்க்குத் தோன்றவில்லை.

இலையுதிர்கால நிலாப் பண்டிகை முடிந்து சில நாள் கழித்து, ஜிங்யாவின் கடை முதலாளி காரில் குடும்பத்தோடு மலைப்பக்கம் சுற்றிப் பார்க்க வந்தவர் வீட்டு வாசலில் இறங்கினார். ஜிங்யாவும் வெய்ஹாங்கும் அன்று ஊரில்தான் இருந்தார்கள். முதலாளி யூசாயின் கையைப் பிடித்துக்கொண்டு உருகினார்.

"அம்மா, நீங்க போட்ட மதுதானே அது! பண்டிகைக்கு எங்களுக்கு வந்ததுலயே அதுதாம்மா உசத்தி. என் மாமனார் தினம் காலையில முட்டையை உடைச்சு அதுல ஊத்திச் சாப்பிடுறார். எழுபத்தாறு வயசுல மனுஷன் முகத்துல என்ன ஒரு செம்மை! இன்னொரு ஜாடி கிடைக்குமா?"

யூசாய் சிரித்த முகத்தோடு தேநீர் ஊற்றினாள், பேரிக்காய் பறித்துக் கொடுத்தாள், கார் வளைவு திரும்பும்வரை கையாட்டினாள். பிறகு மருமகளைப் பின்கட்டு அறைக்குக் கூப்பிட்டாள்.

"உன் வயித்துக்குச் சூடு ஏறட்டும்னு குடுத்தா, எவனோ ஒரு கிழவன் மூஞ்சிக்குச் சூடு ஏத்தியிருக்கே!"

"பண்டிகைக்கு எல்லாரும் முதலாளிக்கு ஏதாவது குடுக்குறாங்க அத்தை. மத்தவங்க குடுத்த பணியாரம் பூரா வாட்ச்மேன் வீட்டுக்குப் போச்சு. உங்க மது மட்டும்தான் அவர் வீட்டு மேஜையில நிக்குது. உங்களுக்குப் பெருமைதானே?"

"என் மது எங்கேயும் நிக்க வேண்டாம். என் பேரன் நிக்கணும், இந்த வீட்டுல!"

"நாங்க எப்ப பெத்துக்கணும்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம். வீட்டுக் கடன் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்..."

"நான் காட்டுல காளான் பொறுக்கிட்டுப் பெத்தேன்டி! மறுநாளே எந்திரிச்சு நடந்தேன்!"

"போன வாரம் முப்பது நாள் படுத்தே கிடந்தேன்னு சொன்னீங்க. தினம் ரெண்டு கோழின்னீங்க."

யூசாய்க்கு மூச்சு வாங்கியது. ஜிங்யாவுக்கும் பொறுமை எல்லை மீறிப் போய்விட்டது.

"அவ்வளவு ஆசையா இருந்தா நீங்களே ஒண்ணு பெத்துக்குங்க அத்தை! இப்பதான் சுவத்துலயே எழுதி வெச்சிருக்காங்களே!"

அறை வாசலில் நின்ற சாங்பிங்குக்கு இருமல் வந்தது. வெய்ஹாங் வண்டிச் சாவியைத் தேடினான். ஜிங்யாவும் அவனும் அப்போதே கிளம்பிப் போனார்கள். பல வாரம் ஊர்ப்பக்கம் வரவில்லை.

குளிர்காலம் வந்தது. யூசாய் வழக்கம்போல அடுப்பு மூட்டினாள். ஒட்டரிசி வெந்து ஆவி எழும்பிய அந்த நிமிஷம், வாழ்நாள் முழுக்க அவளுக்கு உயிரான அந்த வாசனை குடலைப் புரட்டியது. முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தாள். மறுநாள் சிவப்பரிசிப் பையைத் திறந்தாள், மறுபடியும் அதே. வயிற்றில் வாயு என்றாள். தூரம் நிற்கிற வயசு, உடம்பு அப்படித்தான் படுத்தும் என்றாள் மெய்லியான். யூசாய் தனக்குத் தெரிந்த மருந்தைச் செய்துகொண்டாள்: மதுவில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தாள். அது உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

சாங்பிங் பயந்துபோய் மருமகளுக்கு போன் செய்தான். ஜிங்யா ஒரு நாள் லீவு போட்டு மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, கடைசியில் டாக்டர் அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு ஜிங்யாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல. கர்ப்பம்தான். மூணு மாசம் முடியப்போகுது. துணைக்கு மாமியாரையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க, சந்தோஷம்."

யூசாய் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அடி கள்ளி! மூணு மாசமா எங்கிட்ட மறைச்சிட்டியே! நான் பேசினதை எல்லாம் மனசுல வெச்சுக்காதேடியம்மா..."

ஜிங்யா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "டாக்டர், ஸ்கேனுக்குப் படுத்தது நான் இல்ல. இவங்க."

டாக்டரம்மா காகிதத்தில் இருந்த பெயரைப் படித்தாள். பிறந்த வருஷத்தைப் படித்தாள். யூசாயை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"ருவான் யூசாய் நீங்களா?"

"நான்தான். ஆனா மெஷினை இன்னொரு தடவை சரியாப் பாருங்கம்மா. எனக்கு வாயு."

"வாயுவுக்கு இதயம் துடிக்காதும்மா."

யூசாய் உட்கார்ந்தாள். டாக்டரம்மா பிறகு நிறையப் பேசினாள். இந்த வயசில் ஆபத்து அதிகம் என்றாள், இன்னும் என்னென்ன பரிசோதனை வேண்டும் என்றாள், வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வீட்டில் பேசிச் சீக்கிரம் சொல்லச் சொன்னாள். இஞ்சி மது குடித்ததைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "இனிமே குழந்தை பிறக்கிற வரைக்கும் ஒரு வாய்கூடக் கூடாது. புரியுதா?"

புரிந்தது என்று யூசாய்க்குப் பதிலாக ஜிங்யா சொன்னாள். மாமியாருக்காக மருமகள் உறுதிமொழி கொடுக்கும் காட்சி அந்த அறையில் முதல்முறையாக நடந்திருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில், மலை வளைவு ஒன்றில், யூசாய் வாய் திறந்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாதே."

"நான் சொல்லல அத்தை. வயிறு சொல்லிரும்."

வீட்டுக்கு வந்த பிறகு யூசாய் இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. அது ஊரில் தனிச் செய்தியாகப் பரவியது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அவள் இரண்டாவதாக முழுகாமல் இருந்தாள். அப்போது சுவரில் எழுதியிருந்தது வேறு. அதிகாரிகள் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள், வெறும் வயிற்றோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவள் வீட்டில் மது போடவில்லை. அதைப் பற்றி யாரிடமும் அவள் பேசியதில்லை. அவ்வளவு பேசுகிற பெண்பிள்ளை அந்த ஒன்றை மட்டும் பேசாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சாங்பிங்கிடம் சொன்னாள்: "பெத்துக்கப்போறேன். நீ எதுவும் பேசாதே."

சாங்பிங் எதுவும் பேசவில்லை. பேசி அவனுக்குப் பழக்கமும் இல்லை. ஆனால் அன்று மத்தியானம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காரணமும் இல்லாமல், ஊரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். பொழுது சாய்வதற்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"ஜாடிக்குப் பக்கத்துல பேசக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றாள் மெய்லியான். "மருமக சொன்ன வார்த்தை, அப்படியே ஊறி நொதிச்சிருச்சு பாரு."

வெய்ஹாங்குக்கு அப்பாதான் போனில் சொன்னான். மறுமுனையில் துளைபோடும் சத்தம் கேட்டது. "ஒரு வீட்டுல வேலையா இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றான் வெய்ஹாங். அந்த வேலை ஏழு மாதம் முடியவில்லை. இருபத்தேழு வயதில் தம்பியோ தங்கையோ பிறக்கப்போகிறது என்று கூட வேலை செய்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்பது அவன் கவலை. அவர்கள் தாங்களே கேள்விப்பட்டு, ஏணிமேல் நின்றபடி பாட்டே கட்டிவிட்டார்கள்.

ஜிங்யா மட்டும் வெகு உற்சாகமாக இருந்தாள். இனி தன் வயிற்றை யாரும் பார்க்கப்போவதில்லை என்ற நிம்மதி, முகத்துக்குப் பழைய மது குடித்ததைவிடச் செம்மை கொடுத்தது.

ஆனால் ஒரு சிக்கல். பிரசவம் என்றால் பத்திய மாதத்துக்கு மது வேண்டும். நான்கு வருஷம் மலைபோலப் போட்ட மதுவில் ஒரு கிண்ணம்கூட மிச்சமில்லை. போடத் தெரிந்தவளுக்கோ வாசனை பட்டால் வாந்தி. யூசாயின் மாமியாரும் அம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் ஜிங்யா ஒருத்திதான் மிஞ்சினாள்.

ஆக, கண்ணாடி விற்கிற பெண் விடுமுறை நாளில் வந்து அடுப்பு மூட்டினாள். யூசாய் முற்றத்தின் அந்தக் கோடியில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கட்டளையிட்டாள்.

"ஆற விடுடி! கொதிக்கக் கொதிக்கப் போட்டா செத்துப்போகும்!"

"எவ்வளவு ஆறணும்?"

"கன்னத்துல வெச்சுப் பாரு!"

"என் கன்னம் வேற, உங்க கன்னம் வேற அத்தை. தெர்மாமீட்டர் கொண்டாந்திருக்கேன்."

"தெர்மாமீட்டரா! மதுவுக்குக் காய்ச்சலா அடிக்குது? கழுதை, உனக்கு யாருடி..."

"ஜாடிக்குப் பக்கத்துல கெட்ட வார்த்தை ஆகாது அத்தை."

யூசாய் துண்டுக்குள்ளேயே மிச்சத்தைத் திட்டினாள். மது வடிந்தது. நிறம் நன்றாக இருந்தது. ருசியில் லேசாகப் புளிப்பு. யார் காரணம் என்பதில் இருவருக்கும் தெளிவான அபிப்பிராயம் இருந்தது.

கோடையின் உச்சத்தில் பெண் குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சைதான். தாயும் பிள்ளையும் நலம். டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்று: மதுக்கோழி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தையல் ஆறிய பிறகு, சாராயம் பறந்துபோகிற வரை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். ஜிங்யா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கடையில் லீவு கேட்டாள். மாமியாருக்குப் பத்தியம் பார்க்க லீவு என்றதும் முதலாளி இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உடனே கொடுத்துவிட்டார்.

பிறந்த வீட்டிலிருந்து கோழி வர வேண்டும் என்பது வழக்கம். யூசாயின் அண்ணன், தானே மூன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா, கூடை நிறையச் சேவலும் முட்டையும் நூல்சேமியாவும் சுமந்துகொண்டு மேட்டில் ஏறி வந்தார். வியர்வையைத் துடைத்தபடி, "ரெண்டாவது தடவையும் வருவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா முழங்கால் நல்லா இருக்கும்போதே கொண்டாந்து வெச்சிருப்பேனே தங்கச்சி" என்றார்.

பத்தியம் ஆரம்பித்தது. எண்ணெயில் இஞ்சியை முறுக வதக்கி, சேவலைப் போட்டுப் புரட்டி, சிவப்பு மதுவை ஊற்றி ஜிங்யா கொதிக்கவிட்டாள். முதல் கிண்ணத்தை யூசாய் கண்ணை மூடி ரசித்தாள். இரண்டாம் நாள் சாப்பிட்டாள். ஒரு வாரத்தில் கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். காலையில் மதுவில் முட்டை, மத்தியானம் மதுவில் கோழி, இடையில் மதுவில் சேமியா, பொழுது சாய்ந்ததும் மறுபடியும் கோழி. தலையில் துணிக்கட்டு, காலில் காலுறை, ஜன்னல் அடைப்பு. வெளியே கல்லும் உருகும் வெயில்.

"கொஞ்சம் ஊறுகாய்க் கீரை இருந்தா..." என்று கெஞ்சினாள் யூசாய்.

"ஊறுகாய் ஆகாது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிங்க. வயித்துல சூடு ஏறணும்."

"இது புளிக்குதுடி."

"நீங்க திட்டின புளிப்பு அத்தை."

யூசாய் குடித்தாள். தான் சொன்ன வார்த்தைகளைத் தானே விழுங்குவது என்று சொல்வார்கள். இஞ்சி சேர்த்து விழுங்கியவள் அவள் ஒருத்திதான். மெய்லியான் ஒருநாள் கைக்குள் மறைத்து ஊறுகாய்க் கீரை கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டிருந்தவளை ஜிங்யா பார்த்துவிட்டாள். அன்று பொழுது சாய்ந்ததும் கோழிக்குப் பதில் வெறும் கஞ்சி வந்தது. யூசாய் அதைக் குடித்தபோது அழுதாள். அழுகை அலுப்பினாலா, பச்சை உடம்பினாலா, கஞ்சியின் ருசியினாலா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜிங்யா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் வாசலில் வண்டி வந்து நின்றது. வெய்ஹாங். தோளில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. ஏழு மாதமாக முடியாத வேலையை அம்மா வீட்டுச் சுவரில் முடிக்க வந்திருந்தான்.

"பச்சை உடம்புக்குக் காத்து ஆகாது!" என்று யூசாய் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இல்லம்மா. பாப்பா முதுகு பூரா வேர்க்குரு. பாருங்க." அவன் தொட்டிலைக் குனிந்து பார்த்தான். குழந்தை அவன் விரலைப் பிடித்தது. ஏணிமேல் கட்டிய பாட்டையெல்லாம் அவன் அந்த நிமிஷத்தில் மறந்திருக்க வேண்டும். துளைபோடும் மெஷினை எங்கே வைத்தோம் என்பதையும் மறந்துவிட்டான். ஜிங்யாதான் எடுத்துக் கொடுத்தாள்.

ஏ.சி. ஓடத் தொடங்கியது. யூசாய் இரண்டு போர்வையைக் கழுத்துவரை போர்த்துக்கொண்டு, துணிக்கட்டோடும் காலுறையோடும், அதன் நேர் எதிரில் படுத்து நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

குழந்தைக்கு வான்யூ என்று பெயர் வைத்தார்கள். தாமதமாய் வந்த பச்சைக்கல் என்று அர்த்தம். மாதம் நிறைந்த விருந்துக்கு ஊர் முழுக்க வந்தது. சிவப்புச் சாயம் பூசிய முட்டை, சக்கையில் பொரித்த மீன், மிச்சமிருந்த புளிப்பு மது. எல்லோரும் குடித்துவிட்டு அருமை என்றார்கள். ஓசியில் வருவது புளிக்குமா? சாங்பிங் வழியில் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி ஜிங்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமியாரே முந்திக்கிட்டா. நீ எப்பம்மா பெத்துக்கப்போறே?"

ஜிங்யா வாய் திறப்பதற்குள் யூசாயின் குரல் மூன்று மேஜை தாண்டி வந்தது. "அவ பெத்தா என்ன, பெக்காட்டி உங்களுக்கு என்ன? ஒரு மாசம் என் துணியைத் துவைச்சது நீங்களா அவளா? வாயில மீனைப் போட்டுட்டு பேசாம இருங்க அண்ணி!"

அது பாசமா, நாளைக்குப் பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டுமே என்ற கணக்கா என்று யாரும் ஆராயவில்லை. இரண்டும் ஒரே ஜாடியில் ஊறினால் பிரித்து வடிக்க முடியாது.

வருஷங்கள் போயின. ஜிங்யா பெற்றுக்கொள்ளவில்லை. ஒருத்தியை வளர்ப்பதே போதும் போதும் என்றிருக்கிறது என்றாள். அதில் உண்மை இருந்தது. நல்ல பள்ளிக்கூடம் டவுனில்தான் என்பதால், வான்யூ வாரம் முழுக்க அண்ணன் அண்ணியோடுதான் இருந்தாள்.

மழலைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று சொல்லியனுப்பினார்கள். யூசாய் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, சாங்பிங்கைச் சவரம் செய்யவைத்து இழுத்துக்கொண்டு போனாள். ஜிங்யா வழிகாட்ட உடன் வந்தாள். வாசலில் டீச்சர் பணிவாகத் தடுத்தாள்.

"பாட்டி, தாத்தா, நீங்க வெளியில உக்காருங்க. இன்னிக்கு அம்மா அப்பா மட்டும்தான் உள்ள."

"நான்தாம்மா அம்மா."

டீச்சர் சிரித்துக்கொண்டே ஜிங்யாவைப் பார்த்தாள்.

"நான் அண்ணி" என்றாள் ஜிங்யா.

டீச்சரின் முகம் சிவந்ததைப் பார்த்து யூசாய்க்கே பாவமாக இருந்தது. உள்ளே போய், முழங்கால் உயரமுள்ள குட்டி நாற்காலியில் தன்னைத் திணித்துக்கொண்டாள். சுற்றிலும் அவள் மகன் வயதுப் பெற்றோர்கள். குழந்தையைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னபோது எல்லோரும் ஒரு வார்த்தை சொன்னார்கள். யூசாய் எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். டீச்சர் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து மறுபடி கட்டிக்கொண்டாள். சாங்பிங் தூங்கிவிட்டான்.

கடைசியில் விளையாட்டு விழாவுக்குப் பெற்றோர் ஓட்டப்பந்தயம் உண்டு, பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

"அம்மாவுக்குப் பதிலா அண்ணி ஓடலாமா?" என்று கேட்டாள் யூசாய்.

"ஓடலாம்மா."

"அப்போ எழுதிக்குங்க. ஜிங்யா. நல்லா ஓடுவா, நான் சொன்னேன்னு போடுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஜிங்யா, எதுவும் தெரியாமல், உள்ளே பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.